மகனின் குரலில் வந்த கள்ளன்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 67. கணவரோடு கோண்டாவிலில் இருக்கிறேன். ஒரே மகன் குடும்பத்தோடு ரொறன்ரோவில். எங்கள் மைத்துனரின் அந்தியேட்டி முடிந்த கிழமை, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து வட்ஸ்அப் அழைப்பு வந்தது. எடுத்தால் மகனின் குரல். அழுதுகொண்டே, "அம்மா, நான்தான் பேசுகிறேன். காரால் ஒரு பெண்ணை இடித்துவிட்டேன். பொலிஸ் பிடித்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதீர்கள், அவருடைய இருதயம் தாங்காது" என்றான். உடனே ஒருவர் வாங்கித் தன்னைச் சட்டத்தரணி என்றார். பிணைக்கு ஒன்பது இலட்சம் ரூபா, கொழும்பில் உள்ள தங்கள் ஆளின் கணக்கில் போட்டால் போதும் என்றார். மகனின் இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தேன், பதில் இல்லை. வங்கிக்குப் போய்க் கையிருப்பில் இருந்த நான்கு இலட்சத்து இருபதாயிரத்தை அனுப்பினேன். காசாளர் "தெரிந்தவர்தானா?" என்று கேட்டார். சட்டத்தரணி சொல்லித் தந்தபடி "ஓம், உறவினர்" என்றேன். மூன்று மணிக்கு மிச்சக் காசுக்கு மறுபடி அழைத்தார்கள். நகையை அடகு வைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, ஐந்து மணிக்கு மகன் எடுத்து, "என்னம்மா, விடிய இரண்டு மணிக்கு எடுத்திருக்கிறீர்கள்?" என்றான்.

பதினொரு நாட்கள் ஆகிவிட்டன. மகனுக்கு மட்டும் தெரியும், கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. குரலை இயந்திரம் செய்யும், இனி வீடியோவில் முகத்தைக் கண்டால்தான் நம்ப வேண்டும் என்று மகன் சொல்கிறான். எனக்கு மருமகளின் டிக்டொக்கில் சந்தேகம். நான் பெற்ற பிள்ளையின் குரல் எனக்குத் தெரியாதா? இப்போது கொழும்பிலிருந்து ஒருவர் அழைத்து, முப்பத்தையாயிரம் கட்டினால் காசை மீட்டுத் தரலாம் என்கிறார். கட்டலாமா? பொலிசுக்குப் போனால் படித்த மனுஷி இப்படிச் செய்தாயா என்று கேட்கமாட்டார்களா?

— கோண்டாவில் வாசகி

ரீச்சர்,

உங்கள் கடிதத்தின் கடைசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். அந்த முப்பத்தையாயிரத்தைக் கட்டாதீர்கள். ஒரு சதமும் வேண்டாம். காசு போனது உங்களுக்கும் மகனுக்கும் மட்டும் தெரியும் என்கிறீர்கள். அப்படியானால் கொழும்புக்காரருக்கு யார் சொன்னது? உங்களிடம் எடுத்தவர்களே சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவர்களே வேறு பெயரில் வந்திருக்க வேண்டும். ஒருமுறை ஏமாந்தவர்களின் இலக்கங்கள் இந்தத் தொழிலில் கைமாறி விற்கப்படும் சரக்கு. காசை மீட்டுத் தருகிறோம் என்பது அதே வலையின் இரண்டாவது வீச்சு. மறுபடி அழைத்தால் விவாதிக்காமல் வையுங்கள். அந்த இலக்கத்தை அழிக்காமல் ஒரு தாளில் குறித்து வையுங்கள், பிறகு பயன்படும்.

அடுத்தது, நீங்கள் கேட்காத விடயம். இன்று இரவு கணவரிடம் சொல்லுங்கள்.

இதை நான் குடும்ப ஆலோசகனாகச் சொல்லவில்லை. கணினிப் பாதுகாப்பைப் பதினெட்டு வருடங்களாகத் தொழிலாகச் செய்பவனாகச் சொல்கிறேன். அந்த அழைப்பில் உங்களிடம் இரண்டு கட்டளைகள் இடப்பட்டன. ஒன்று, காசைப் போடு. மற்றது, அப்பாவிடம் சொல்லாதே. முதலாவதை வெள்ளிக்கிழமை மாலையே நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவதை இன்றுவரை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இரகசியம் அவர்கள் தற்செயலாகக் கேட்டது அல்ல. வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருந்து "பொறு, ஒருக்கால் மருமகளுக்கு எடுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் முழு வேலையும் கெட்டுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். உங்கள் கணவரின் இருதயத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அறுபது தாண்டிய தகப்பன் எவருக்கும் அந்த வசனம் பொருந்தும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். பெற்ற தாய்க்குக் குரல் தெரியாதா?

தெரியும். தெரிந்ததால்தான் ஏமாந்தீர்கள். இந்த மோசடிக்கு யாழ்ப்பாணத்துத் தாய்மார் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே அகப்படுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. 1990இல் இங்கே மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த பிறகு, வெளிநாட்டில் இருந்த பிள்ளையோடு கதைப்பதற்கென்றே கொழும்புக்குப் போய் நின்ற தாய்மாரை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். பிறகு தொலைத்தொடர்பு நிலையங்களில் பலகைக் கூண்டுக்குள் நின்று, இரைச்சலுக்கு நடுவே "தம்பி, கேட்கிறதா?" என்று கத்தினார்கள். பிள்ளை எப்படி வளர்ந்தான், தாடி வைத்தானா, மெலிந்தானா என்பது தெரியாது. குரல் மட்டும் தெரியும். ஒரு தலைமுறையே தன் பிள்ளைகளைக் குரலாக வைத்துப் பாதுகாத்தது. அந்தக் குரலையே சாவியாக்கி ஒருவன் கதவைத் திறக்கும்போது, தாய் சந்தேகப்படவில்லையே என்று குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் ஒருவரின் குரலைக் கணினியில் உருவாக்க மணிக்கணக்கான ஒலிப்பதிவு தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள், மூன்று விநாடி மாதிரியைக் கொண்டே ஒருவரின் குரலில் புதிய வசனங்களைச் சொல்லவைக்கும் முறையொன்றை அறிவித்தார்கள். 2024 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் பதினைந்து விநாடி மாதிரியில் இயங்கும் தன் கருவியைப் பற்றிச் சொல்லி, துர்ப்பயன்பாட்டுக்கு அஞ்சி அதைப் பரவலாக வெளியிடாமல் நிறுத்திவைத்தது. அவர்கள் நிறுத்திவைத்தாலும் இதைப் போன்ற கருவிகள் சந்தையில் தாராளமாக உண்டு. இரண்டு வழிகளில் இது நடக்கும். வசனத்தைத் தட்டச்சுச் செய்தால் கருவி அந்தக் குரலில் வாசிக்கும். அல்லது கள்ளன் தானே கதைக்க, வாயிலிருந்து வரும் ஒலி வழியிலேயே இன்னொருவரின் குரலாக மாறும்.

உங்களுக்கு நடந்தது முதல் வகை என்றே நினைக்கிறேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "நான்தான் பேசுகிறேன்" என்றான் என்று எழுதியிருக்கிறீர்கள். ரீச்சர், முப்பது வருடம் தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்தவர் நீங்கள். கோண்டாவில் பிள்ளை தாயோடு எப்போது "பேசியது"? நம்முடைய ஊரில் பிள்ளைகள் கதைப்பார்கள். "அவர் என்னைப் பேசிவிட்டார்" என்றால் ஏசிவிட்டார் என்றல்லவா பொருள். அந்த வசனத்தை எழுதியவர் நம்முடைய தமிழை அறியாதவர், அல்லது எழுதியதே ஒரு இயந்திரம். இந்தக் கருவிகள் கற்றுக்கொண்ட தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். குரல் உங்கள் மகனுடையதாகவும், சொல் வேறு ஊருக்குரியதாகவும் இருந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் "இனிமேல் சொல்லைக் கவனித்துப் பிடித்துவிடுவேன்" என்று நினைக்காதீர்கள். இன்றைக்குப் "பேசுகிறேன்" என்பவன் நாளைக்குக் "கதைக்கிறேன்" என்பான். அது ஒரு சொல் திருத்தம், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்பு தமிழில் வந்த மோசடிச் செய்திகளை நாம் வாசித்துச் சிரித்தோம். மொழிபெயர்ப்பு அவ்வளவு கோணல். பிழையான தமிழைக் கண்டால் கள்ளன் என்று நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தை இப்போது திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. மோசடிக் கடிதம் எழுதவென்றே கட்டுப்பாடுகள் இல்லாத செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2023 நடுப்பகுதியிலேயே இரகசியச் சந்தைகளில் விலைக்கு வந்துவிட்டன. வோர்ம்ஜிபிடி என்பது அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. இப்போது கள்ளனின் இலக்கணம் சில அரச அலுவலகக் கடிதங்களைவிட நன்றாக இருக்கிறது.

உங்கள் வெட்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2019இல் பிரித்தானியாவில் ஒரு எரிசக்தி நிறுவனத்தின் தலைமை நிர்வாகிக்கு, ஜெர்மனியில் உள்ள தாய் நிறுவனத் தலைவரின் குரலில் அழைப்பு வந்தது. ஒரு மணித்தியாலத்துக்குள் பணம் அனுப்ப வேண்டும் என்றது அந்தக் குரல். ஜெர்மன் சாயல் கலந்த உச்சரிப்பு, குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் அவருக்குப் பழக்கமானவை. இரண்டு இலட்சத்து இருபதாயிரம் யூரோவை அனுப்பிவிட்டார். 2024இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கில் நடந்தது இன்னும் மோசம். சிட்னி ஒபெரா மண்டபத்துக்குப் பொறியியல் வேலை பார்த்த ஆரூப் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருக்கு முதலில் வந்த மின்னஞ்சலில் சந்தேகம் இருந்தது. பிறகு காணொளிக் கூட்டத்தில் நிதித் தலைமை அதிகாரியையும் சக ஊழியர்களையும் நேரே கண்டதும் சந்தேகம் தீர்ந்தது. பதினைந்து தடவைகளில் 20 கோடி ஹொங்கொங் டொலர் அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் உண்மையான மனிதர் அவர் ஒருவர்தான்; மற்ற முகங்கள் எல்லாம் செய்யப்பட்டவை. ஆகவே "இனி வீடியோ அழைப்பில் முகத்தைக் கண்டால்தான் நம்புவேன்" என்ற உங்கள் மகனின் யோசனையும் போதாது.

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஒரு நண்பனின் வட்ஸ்அப்பிலிருந்து குரல்செய்தி வந்தது. அவசரம், ஐம்பதினாயிரம் வேண்டும், நாளைக்குத் தருகிறேன் என்று அவனுடைய குரலிலேயே. வங்கிச் செயலியைத் திறந்தும்விட்டேன். பிறகுதான் உறைத்தது: இவன் என்னிடம் கடன் கேட்கிற ஆள் அல்லவே, நான் வாங்கிய கடனைக் கேட்கிற ஆளாயிற்றே! எடுத்து விசாரித்தால் முதல் நாளே அவனுடைய வட்ஸ்அப் கணக்கு பறிபோயிருந்தது. கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கக் குறியை யாரோ கேட்க, கொடுத்திருக்கிறான்.

சரி, மகனின் குரலும் குடும்ப விபரமும் எங்கிருந்து கிடைத்தன? நீங்கள் மருமகளின் டிக்டொக்கைச் சந்தேகிக்கிறீர்கள். இருக்கலாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாள் காணொளி, கல்யாண வீட்டு மேடைப் பேச்சு, கோயில் திருவிழா நேரலை, எதிலிருந்தும் பதினைந்து விநாடி எடுக்கலாம். மருமகளோடு மட்டும் சண்டைக்குப் போக வேண்டாம். நான் உங்கள் கடிதத்தில் வேறொரு வரியில் நின்றேன்: மைத்துனரின் அந்தியேட்டி முடிந்த கிழமை.

நம்முடைய மரண அறிவித்தல்களை ஒரு கள்ளனின் கண்ணால் வாசித்துப் பாருங்கள். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, யாருடைய கணவர், யாருடைய மைத்துனர், எந்தப் பிள்ளை கனடாவில், எது பிரான்சில், எது இன்னும் ஊரில் என்று அடைப்புக்குறிக்குள் நாடு போட்டு, முடிவில் தொடர்புகளுக்கு என்று தொலைபேசி இலக்கங்களும் தருகிறோம். இழவு வீட்டுக்கு உறவு வந்து சேர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் உலகத்தில் எந்தச் சமூகமும் தன் முழு வம்ச வரைபடத்தையும் தொலைபேசிப் புத்தகத்தையும் சேர்த்து இவ்வளவு ஒழுங்காக இணையத்தில் ஏற்றிவைப்பதாக நான் அறியவில்லை. முன்பு ஒருவன் இதை உட்கார்ந்து வாசித்துக் கோர்க்க நாட்கள் ஆகும். அந்தச் சிரமமே நமக்குக் காவலாக இருந்தது. இன்றைக்கு ஆயிரம் அறிவித்தல்களை ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கொடுத்து, "மகன் வெளிநாட்டில், பெற்றோர் ஊரில் தனியாக உள்ள குடும்பங்களைப் பிரித்துக் கொடு" என்றால் தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் கிடைத்துவிடும். இனிமேல் உங்கள் குடும்பத்தில் அறிவித்தல் போடுவதென்றால் உறவு முறைகளைப் போடுங்கள். நாடுகளையும் கைத்தொலைபேசி இலக்கங்களையும் விட்டுவிடுங்கள். அறிய வேண்டியவர்கள் எப்படியும் அறிவார்கள். நம்முடைய ஊரில் செத்த வீட்டுச் செய்தியை ஒளிக்க முடியுமா?

இன்னொன்று நேரம். ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அங்கே குளிர்காலம் வந்தால் பத்தரை. இங்கே காலை பதினொன்றரை என்றால் அங்கே நடுச்சாமம் தாண்டிய நேரம். மகன் தூங்குவான், தொலைபேசி மௌனத்தில் இருக்கும், நீங்கள் எடுத்தால் பதில் வராது. அந்தப் பதில் இல்லாமையே உங்களுக்கு அத்தாட்சியாகிவிட்டது. நீங்கள் சரியான வேலையைத்தான் செய்தீர்கள், ரீச்சர். மகனின் பழைய இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தீர்கள். ஒருமுறையோடு விட்டதுதான் தவறு. மருமகளுக்கு எடுத்திருக்கலாம், மகனின் சிநேகிதன் ஒருவனுக்கு எடுத்திருக்கலாம். ஆனால் சட்டத்தரணி என்பவர் உங்களை அதற்கு விடவில்லை. குரலைச் செய்த இயந்திரத்தின் வேலை அரை நிமிடத்தோடு முடிந்துவிட்டது. மிச்சம் முழுவதும் மனிதன் செய்த வேலை: அவசரப்படுத்துவது, பயமுறுத்துவது, காசாளருக்கு என்ன பதில் சொல்வது என்று பாடமாக்கித் தருவது.

இது இயந்திரத்துக்கு முந்திய தொழிலும்கூட. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் 25 கனடியர்கள்மீது குற்றம் சுமத்தப்பட்டது. விபத்தில் சிக்கிப் பிடிபட்ட பேரப்பிள்ளையைப்போல் அழுதும் அவருடைய சட்டத்தரணியைப்போல் நடித்தும் 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் முதியவர்களிடம் 2 கோடி டொலருக்கு மேல் பறித்தார்கள் என்பது வழக்கு. கனடாவைப் பற்றிய ஒரு விடயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: அந்த நாட்டில் எந்த நீதிமன்றமும், எந்தப் பொலிசும், பிணைக் காசைக் கொழும்பில் ஒரு தனியாளின் கணக்கில் போடச் சொல்லாது.

இனிச் செய்ய வேண்டியவை. பதினொரு நாள் கடந்துவிட்டதால் நம்பிக்கையைப் பெரிதாக வளர்க்க மாட்டேன். வங்கிகளுக்கு இடையே காசை உடனுக்குடன் நகர்த்தும் முறை 2015இல் இலங்கைக்கு வந்தது. நமக்கு எவ்வளவு வசதியோ அவ்வளவு வசதி அவர்களுக்கும். உங்கள் காசு அந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலம்கூடத் தங்கியிருக்காது. இருந்தாலும் நாளைக் காலை கணவரையும் கூட்டிக்கொண்டு முதலில் உங்கள் வங்கிக்குப் போங்கள். கிளை முகாமையாளரைச் சந்தித்து, மோசடி என்று எழுத்தில் கொடுத்து, பெற்ற வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் திகதி குறித்து அவர்களின் ஒப்பம் பெற்ற பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஏதும் மிஞ்சியிருந்தால் தடுத்துவைக்க வழி பிறக்கலாம். இதுவே முதல் நாள் மாலை என்றால் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அந்த நிமிடமே எடுக்கச் சொல்லியிருப்பேன். இதை வாசிக்கும் மற்றவர்கள் அதை நினைவில் வைக்கட்டும்.

அங்கிருந்து நேரே பொலிஸ் நிலையம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு; வடக்கில் நிர்வாக மொழி தமிழ். காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, அழைப்பு வந்த இலக்கங்கள், நேரங்கள், வட்ஸ்அப் உரையாடலின் படங்கள் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். உரையாடலை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள், வெட்கத்தில் அழிப்பவர்கள் பலர். நடந்ததை மணி வாரியாக ஒரு தாளில் முதலே எழுதிக்கொண்டு போனால், பதட்டத்தில் விடயம் தவறாது. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கணினி சார்ந்த சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் என்ற அரச அமைப்புக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். அந்த அமைப்பு காசை மீட்டுத் தராது. வழி சொல்லும், பதிவு செய்யும். கொழும்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திலும் கணினிக் குற்றங்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது.

சட்டம் இதற்கு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் ஒன்று. அதைவிடப் பழையது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது அதிலேயே குற்றம். குரலை இயந்திரம் செய்தாலும் ஏமாற்றியது ஆள். பொலிஸ் அலுவலர் யாராவது "படித்த நீங்கள்" என்று தொடங்கினால், பிரித்தானிய நிர்வாகியின் கதையைச் சொல்லுங்கள். சொல்ல மனம் வராவிட்டால் பேசாமல் பற்றுச்சீட்டை நீட்டுங்கள்.

பற்றுச்சீட்டைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த முழு ஆள்மாறாட்டத்திலும் உண்மையான பெயர் ஒன்று அகப்படும் இடம் அந்த வங்கிக் கணக்குத்தான். அதை ஒருவர் தன் தேசிய அடையாள அட்டையைக் கொடுத்துத் திறந்திருப்பார். அவர் பெரிய கள்ளனாக இருக்கமாட்டார். பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாவுக்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஒரு பொடியன். "உன் கணக்குக்குக் காசு வரும், நூற்றுக்கு ஐந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பு, வீட்டிலிருந்தே வேலை" என்று டெலிகிராமில் வருவதை நம்பியவன். வீட்டில் வேலையில்லாத பிள்ளைகள் உள்ளவர்கள் இதைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவனும் அகப்படலாம். பொலிஸ் முதலில் தட்டும் கதவு அவனுடையதுதான். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவனும் எப்போதும் சொந்த விருப்பத்தில் இருப்பதில்லை. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இணைய மோசடி வேலையில் பலவந்தமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்களும் மியன்மாரின் அந்த முகாம்களில் இருந்து மீட்கப்பட்டிருக்கிறார்கள். அதற்காக உங்களை எவருக்கும் இரக்கப்படச் சொல்லவில்லை, காசு உங்களுடையது.

இனி வீட்டுக்குள். மகனிடம் சொல்லி அவருடைய கைத்தொலைபேசியில் உங்கள் இலக்கமும் அப்பாவின் இலக்கமும் மௌன நேரத்திலும் மணியடிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஐபோனிலும் அன்ட்ரொயிட்டிலும் அதற்கு வசதி உண்டு, ஐந்து நிமிட வேலை. அங்கே நம்பிக்கையான இரண்டு பேரின் இலக்கங்களை வாங்கி, பெரிய எழுத்தில் எழுதி, குளிரூட்டியின் கதவில் ஒட்டுங்கள். மகனே அழுதாலும் முதலில் அழைப்பைத் துண்டித்துவிட்டு, இந்த இலக்கங்களுக்கு நீங்களாக எடுக்க வேண்டும். துண்டிப்பது கல்நெஞ்சம் போலத் தோன்றும். உண்மையான ஆபத்து என்றால் இரண்டு நிமிடம் பொறுக்கும். பொறுக்காது என்று சொல்பவன்தான் கள்ளன்.

ஒரு குடும்பச் சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வங்கிக்கு வெளியே வெளிநாட்டுக் காசைக் கைமாற்றிக் கொடுத்த உண்டியல்காரர்கூட ஒரு இலக்கத்தைக் கேட்காமல் காசைக் கையில் வைக்கமாட்டார் அல்லவா? (உண்டியல் சட்டப்படியான முறை அல்ல என்பதையும் சொல்லவேண்டியது என் கடமை; ஆனாலும் அந்த எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை.) குலதெய்வத்தின் பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், பேரனின் செல்லப்பெயர் வேண்டாம்; அவையெல்லாம் பேஸ்புக்கில் இருக்கும். மகன் சின்ன வயதில் கிணற்றடியில் செய்த குழப்படி, ஒளித்துவைத்த மாங்காய், அப்படி வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒன்று. பதட்டத்தில் சொல் மறந்துபோனால் ஒரு பொய்க் கேள்வி போடலாம். "நீ போன மாதம் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது, மோனை" என்று சொல்லுங்கள், அனுப்பாத பெட்டியைப் பற்றி. உண்மையான மகன் "எந்தப் பெட்டி?" என்பான். மற்றவன் "ஓமம்மா" என்பான்.

கடிதத்தின் ஓரத்தில், மகனின் குரலைக் கேட்டாலே இப்போது நெஞ்சு படபடக்கிறது என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் எடுக்கும்போது கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தெரிவு செய்யுங்கள். சிரிப்பு வருகிற சொல்லாக இருந்தால் நல்லது. இன்னொன்றையும் அன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் முப்பது வருடம் படிப்பித்தவர். உங்கள் பிரியாவிடை விழாக் காணொளி எந்தப் பழைய மாணவனின் பக்கத்திலாவது இருக்கும். ஏற்புரையில் குறைந்தது பத்து நிமிடமாவது நீங்கள் கதைத்திருப்பீர்கள். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே காசு அனுப்பு என்று உங்கள் குரலில் ஒருநாள் ரொறன்ரோவுக்கும் அழைப்புப் போகலாம். அந்தச் சொல்லை அவரும் உங்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் கோபிக்காமல் சொல்லுங்கள், ரீச்சர்.